மலை யாருடைய தெய்வம்? பனிச்சறுக்கு விடுமுறையும் புனிதம் பற்றிய கேள்வியும்

பனிச்சறுக்கு விடுமுறைக்கு ஊர் தேடும் குடும்பம் வழக்கமாகச் சில விஷயங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். பனி எவ்வளவு விழுகிறது, புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்குச் சாய்வு குறைந்த சரிவு உண்டா, லிஃப்ட் கட்டணம் எவ்வளவு, விமான நிலையத்திலிருந்து எத்தனை மணி நேரப் பயணம், அறையில் சமைக்க வசதி இருக்கிறதா. அந்த மலை யாருக்காவது தெய்வமா என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. உலகின் பனிச்சறுக்குத் தளங்கள் சில, ஒரு மக்கள் கோயிலாகவும் முன்னோராகவும் தெய்வத்தின் உடலாகவும் கருதும் மலைகளிலேயே அமைந்திருக்கின்றன. அங்கே போய் விளையாடுவதால் தீங்கு உண்டா? உண்டு என்றால் அது மலைக்கா, அதை வணங்கும் மக்களுக்கா? அந்த மதத்தைச் சேராதவரை அந்தப் புனிதம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் நீதிமன்றங்கள் இக்கேள்விகளை நேரடியாகச் சந்தித்திருக்கின்றன. இந்தியாவில் ஒரு பள்ளத்தாக்கு, தன் தெய்வங்களையே கூட்டி விசாரித்திருக்கிறது.

அரிசோனாவின் சிகரங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு வடக்கே சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் நிற்கின்றன. பழைய எரிமலை ஒன்றின் மிச்சம் அவை. அவற்றில் உயர்ந்த ஹம்ஃப்ரீஸ் சிகரம் 3,851 மீட்டர். மாநிலத்திலேயே மிக உயரமானது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் தங்கள் சபையை நிறுவிய அசிசியின் புனித பிரான்சிஸ் பெயரை மலைக்குச் சூட்டினார்கள். அதற்கு முன்பே அந்த மலைக்குப் பல மொழிகளில் பெயர்கள் இருந்தன. பத்துக்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் அதைப் புனிதமாகக் கருதுகிறார்கள்.

ஹோப்பி மக்களின் நம்பிக்கையில், கட்சினா எனப்படும் ஆவியுருக்கள் ஆண்டின் ஒரு பாதியை இந்தச் சிகரங்களில் கழிக்கின்றன. குளிர்காலத்தில் ஊருக்குள் வரும் அவை, ஜூலையில் நடக்கும் நிமான் சடங்கோடு விடைபெற்று மலைக்குத் திரும்புகின்றன. வறண்ட அந்த நிலத்தின் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு மேகத்தையும் மழையையும் அனுப்புபவை அவையே. நவஹோ மக்களுக்கு அவர்களுடைய நாட்டின் நான்கு எல்லைகளிலும் ஒவ்வொரு புனித மலை உண்டு. மேற்கு எல்லை மலை இது. இங்கிருந்து எடுத்த மண்ணும் மூலிகையும் அவர்களுடைய குணமாக்கும் சடங்குகளில் பயன்படுகின்றன. மலை உயிருள்ளது, அது ஒரு தாய், அதன் உடல் மாசுபட்டால் சடங்கு பலிக்காது என்று அவர்களுடைய மருத்துவர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார்கள்.

இதே மலையின் மேற்குச் சரிவில் 1938 முதல் பனிச்சறுக்கு நடக்கிறது. ஸ்நோபவுல் எனப்படும் அந்தத் தளத்தின் பரப்பு 777 ஏக்கர். நிலம் மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தமானது. 1979-இல் தளத்தை விரிவாக்க வனத்துறை அனுமதித்தது. பழங்குடிகள் வழக்குத் தொடுத்து 1983-இல் தோற்றார்கள். பெரிய மோதல் அதற்குப் பிறகுதான் வந்தது. அரிசோனாவில் பனிப்பொழிவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1997–98 பருவத்தில் தளம் 115 நாட்கள் இயங்கியது. 2001–02 பருவத்தில் 4 நாட்கள் மட்டுமே. இந்த நிலையில் தொழில் நடத்த முடியாது என்று கருதிய நிர்வாகம் செயற்கைப் பனிக்குத் திட்டமிட்டது. அதற்கான நீர், ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். நாளொன்றுக்கு 15 லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 57 லட்சம் லிட்டர் வரை குழாய் வழியே மலைக்கு ஏற்றி, பனியாக்கித் தூவும் அத்திட்டத்துக்கு 2005-இல் வனத்துறை ஒப்புதல் அளித்தது.

தீட்டு எங்கே இருக்கிறது?

அரிசோனா மாநிலத் தர அளவுகோலில் அந்த நீர் மறுபயன்பாட்டு நீர்களுக்கான உயர்ந்த தரத்தைச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தின் கண்ணில் அது சுத்தம். பழங்குடிகளின் கவலை வேறு தளத்தில் இருந்தது. நகரின் சாக்கடையில் மருத்துவமனைகளிலிருந்தும் பிணவறைகளிலிருந்தும் வரும் நீரும் சேர்கிறது. இறந்தவர்களின் உடலைத் தொட்ட நீர் அதில் இருக்கிறது. நவஹோ மரபில் இறந்தவர்களோடு தொடர்புள்ள எதுவும் கடுமையாக விலக்கப்பட வேண்டியது. மருந்துக்கு மண் எடுக்கும் மலையின் மேல் அந்த நீர் பனியாக விழுந்து, உருகி, ஊறும் என்பதே அவர்களுடைய முறையீடு.

கிருமி இல்லாமலும் தீட்டு இருக்கும் என்பது தமிழ் வாசகருக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை. இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் தலைமுழுகாமல் பூஜை அறைக்குள் நுழைவதில்லை. அவர் உடம்பில் அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தீட்டு பொருளின் வேதியியலில் இல்லை. அது எங்கிருந்து வந்தது, எதைத் தொட்டது என்ற வரலாற்றில் இருக்கிறது. திட்டத்துக்கு எதிராகப் பழங்குடிகள் தொடுத்த வழக்கை 2007-இல் விசாரித்த, ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் புரிந்துகொண்டது. கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானத்தைச் சுத்திகரித்த கழிவுநீரில்தான் செய்ய வேண்டும் என்று அரசு விதித்தால் எப்படி இருக்கும் என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. மதத்தின் மீது கணிசமான சுமை விழுகிறது என்று சொல்லிப் பழங்குடிகள் பக்கம் அது நின்றது.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 2008 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட விரிந்த அமர்வு, எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் இப்படிப் போகிறது. மலைக்குச் செல்ல யாருக்கும் தடை இல்லை. சடங்கு நடத்தத் தடை இல்லை. தளம் சிகரங்களின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. செடியோ ஊற்றோ அழிவதாக நிரூபிக்கப்படவில்லை. பாதிக்கப்படுவது வழிபடுவோரின் மனத்தில் எழும் ஆன்மிக நிறைவு மட்டுமே. 1993-இன் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் சொல்லும் கணிசமான சுமை என்பது, தன் மதத்துக்கு விரோதமாக நடக்கும்படி ஒருவர் தண்டனையால் மிரட்டப்படும்போதோ, மதத்தையும் அரசின் சலுகையையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாதபடி நிறுத்தப்படும்போதோ மட்டுமே உண்டாகும். 2009-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2012 டிசம்பரில் ஸ்நோபவுலில் செயற்கைப் பனி விழத் தொடங்கியது.

நம்பிக்கை மனத்திலா, மலையிலா?

இந்தத் தீர்ப்பு தனித்து நிற்கவில்லை. கலிஃபோர்னியாவில் யூரோக், கரூக், டோலோவா மக்களின் புனிதக் காட்டின் வழியே மரம் வெட்டுவதற்கான சாலை போடும் திட்டம் 1988-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சாலை அவர்களுடைய வழிபாட்டை ஏறக்குறைய அழித்துவிடக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், நிலம் அரசுடையது, அதை அரசு பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. பிறகு நாடாளுமன்றம் அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட காடாக்கியதால் சாலை போடப்படவில்லை. 2024-இல் அபாச்சி மக்களின் புனித இடமான ஓக் ஃபிளாட்டைத் தாமிரச் சுரங்கத்துக்கு மாற்றிக்கொடுப்பது பற்றிய வழக்கிலும் அந்த 1988 தீர்ப்பே தீர்மானித்தது.

கனடாவின் வழக்கு நேரடியாகவே பனிச்சறுக்கு ரிசார்ட் பற்றியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஜம்போ பள்ளத்தாக்கில் பனியாறுகளின் மேல் ஆண்டு முழுவதும் சறுக்கக்கூடிய ரிசார்ட் ஒன்று 1990-கள் முதல் திட்டமிடப்பட்டது. டுனாஹா மக்களுக்கு அந்த இடம் கட்முக். கிரிஸ்லி கரடி ஆவியின் இருப்பிடம். நிலையாகத் தங்கும் கட்டடங்கள் எழுந்தால் ஆவி அந்த இடத்தை விட்டுப் போய்விடும், அதன்பின் அதை நோக்கிச் செய்யும் வழிபாட்டுக்குப் பொருளே இருக்காது என்றார்கள். 2017 நவம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம்பவும் நம்பியபடி வழிபடவும் உள்ள சுதந்திரத்தையே அரசியல் சாசனம் காக்கிறது. நம்பப்படும் பொருளைக் காப்பது அரசின் கடமை அன்று என்றது பெரும்பான்மை. இரு நீதிபதிகள் இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. வழிபாட்டின் பொருளே போய்விடுமானால் சுதந்திரம் மீறப்பட்டதாகத்தான் கொள்ள வேண்டும். ஆனால் அரசு மற்ற நலன்களையும் எடைபோட்டு எடுத்த முடிவு நியாயமானதே என்று அவர்கள் எழுதினார்கள்.

இந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் ஒரு பழைய தத்துவம் இருக்கிறது. 1689-இல் வெளிவந்த மதச் சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்தில் ஜான் லாக், மதத்தின் சாரம் மனத்தின் உள்ளார்ந்த இசைவு என்று வாதிட்டார். வாளால் மனத்தை இசையவைக்க முடியாது. ஆகவே அரசு மதத்தில் தலையிடக் கூடாது. ஐரோப்பாவின் மதப் போர்களுக்குப் பிறகு வந்த இந்த வாதம் கோடிக்கணக்கானவர்களின் சுதந்திரத்துக்கு அடித்தளமானது. அதன் மறுபக்கமும் உண்டு. மதம் மனத்துக்குள் இருக்கிறது என்றால், மனத்துக்கு வெளியே இருக்கும் மலைக்கு எது நேர்ந்தாலும் மதம் காயப்படுவதில்லை என்று ஆகிவிடுகிறது. வேதநூலும் போதனையும் மையமாக உள்ள மதங்களுக்கு இந்தச் சட்டை பொருந்தும். அந்த மதத்தவர் நாடு மாறினாலும் நூலைக் கையோடு கொண்டுபோகலாம். மலையைக் கொண்டுபோக முடியாது.

லகோட்டா சிந்தனையாளர் வைன் டெலோரியா 1973-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டைக் கூர்மையாகச் சொன்னார். கிறிஸ்தவம் காலத்தை அச்சாகக் கொண்டது. படைப்பு, சிலுவை, இறுதித் தீர்ப்பு என அதன் உண்மை வரலாற்று நிகழ்வுகளில் இருக்கிறது. பழங்குடி மதங்கள் இடத்தை அச்சாகக் கொண்டவை. அவற்றின் உண்மை ஒரு குறிப்பிட்ட மலையில், ஒரு குறிப்பிட்ட ஊற்றில் இருக்கிறது; அந்த இடம் போனால் மதமே போகிறது. இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால், மலை மாசுபட்டாலும் வழிபட உங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறதே என்ற ஆறுதல் வெறுமையாகிவிடுகிறது.

நீதிமன்றங்களின் தயக்கத்துக்கும் வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பரந்த நிலப்பரப்பு மத்திய அரசுடையது. அதில் புனிதம் என்று சொல்லப்படாத மூலை குறைவு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தடுக்கும் உரிமை கொடுத்தால் பொதுநிலத்தை எதற்கும் பயன்படுத்த முடியாது. எந்த நம்பிக்கை ஆழமானது, எது மேலோட்டமானது என்று நீதிபதி எடைபோடத் தொடங்கினால் அவர் மதகுருவாகிவிடுவார். இந்த அச்சம் அர்த்தமுள்ளது. ஆனால் இது அரசின் அதிகாரத்தைப் பற்றிய வாதம் மட்டுமே. அரசு தடுக்க முடியாத ஒன்றை ஒரு தனிமனிதர் செய்வது சரியா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

குலுவில் கூடிய தெய்வங்கள்

இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் இதே கேள்வி வேறு முறையில் விசாரிக்கப்பட்டது. 2000-களின் நடுவில் மணாலிக்கு மேலே ஹோட்டல்களும் ரோப்காரும் கொண்ட பெரிய பனிச்சறுக்கு நகரம் ஒன்றைக் கட்ட ஒரு நிறுவனம் மாநில அரசோடு ஒப்பந்தம் செய்தது. அதன் முக்கிய ஆதரவாளர், கார் தொழிலின் முன்னோடி ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் ஆல்ஃபிரட் ஃபோர்டு. அவர் இஸ்கான் இயக்கத்தில் தீட்சை பெற்ற கிருஷ்ண பக்தர். அம்பரீஷ தாஸ் என்பது அவருடைய தீட்சைப் பெயர்.

குலுவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவதை உண்டு. அந்தத் தேவதை குர் எனப்படும் சாமியாடியின் வாயால் பேசும். மழை, நோய், நிலத் தகராறு என ஊரின் காரியங்களில் தீர்ப்பும் சொல்லும். பள்ளத்தாக்கு முழுவதையும் பாதிக்கும் விவகாரம் வந்தால் தேவதைகள் ஒன்றுகூடும் மன்றத்துக்கு ஜக்தி என்று பெயர். 2006-இல் நக்கர் என்ற ஊரின் பழைய கோட்டையில், தெய்வங்கள் தேனீக்களாகி மலையிலிருந்து தூக்கி வந்ததாகச் சொல்லப்படும் கற்பலகைக்கு முன்னால் ஜக்தி கூடியது. சாமியாடிகள் ஒருவர் பின் ஒருவராக ஆவேசம் கொண்டு, உயர்ந்த மலைகள் தெய்வங்களின் இருப்பிடம், அவற்றைக் கலைக்கக் கூடாது என்று குறி சொன்னார்கள். திட்டம் நிறைவேறவில்லை. நிலம், நீர், காடு பற்றிய எதிர்ப்புகளும் அரசியல் மாற்றங்களும் அதற்குச் சேர்ந்து காரணமாயின. ஜக்தி ஒன்றே நிறுத்தியது என்று சொல்வதற்கில்லை.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எதிரெதிரே நின்றவர்கள் பக்தரும் நாத்திகரும் அல்லர். இருபுறமும் பக்தர்களே. கிருஷ்ணரை எங்கும் நிறைந்த பரம்பொருளாக வணங்குபவருக்கு ஒரு மலைச் சரிவில் ஹோட்டல் எழுவது தெய்வக்குற்றமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட சிகரத்தில் தன் ஊர்த் தெய்வம் குடியிருப்பதாக அறிந்தவருக்கு அது தோன்றும். இரண்டாவது, அந்தப் பள்ளத்தாக்கின் சோலங்கில் பல பத்தாண்டுகளாகவே பனிச்சறுக்கு நடந்துவருகிறது. மணாலியின் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கே வகுப்பும் நடத்துகிறது. குறி சொன்ன தெய்வங்களின் சினம் சறுக்கு விளையாட்டின் மீது திரும்பவில்லை. உயரத்தில் ஒரு நகரத்தையே கொண்டுபோய் வைப்பதன் மீதுதான் திரும்பியது.

சறுக்கும் வழிபாடும் சேர்ந்த மலைகள்

புனித மலையில் சறுக்கினால் எங்கும் தீங்குதான் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு ஜப்பான் சான்று. யாமகாட்டா மாகாணத்தின் கஸ்ஸான், தேவா சன்ஸான் எனப்படும் மூன்று புனித மலைகளில் ஒன்று. உயரம் 1,984 மீட்டர். உச்சியில் சந்திரத் தெய்வத்தின் கோயில். ஷுகென்தோ என்னும் மலைத் துறவு மரபின் முக்கியத் தலம் இது. குளிர்காலத்தில் பனி அளவுக்கு மிஞ்சிக் குவிவதால் இங்குள்ள சறுக்குத் தளம் ஏப்ரலில்தான் திறக்கும். கோடை வரை நீளும். ஜூலையில் யாத்திரைப் பருவம் தொடங்கும். ஒரே மலையில் சறுக்குப் பலகையோடு வருபவரும் வெள்ளை உடை யாத்ரிகரும் அடுத்தடுத்துப் போகிறார்கள். அதே மாகாணத்தின் ஸாவோ பனிச்சறுக்குத் தளத்தின் பெயரே ஷுகென்தோ வணங்கும் ஸாவோ கொங்கென் என்ற தெய்வத்திடமிருந்து வந்தது. 1872-இல் மெய்ஜி அரசு ஷுகென்தோவைத் தடை செய்ததும், அதன் பிடி பல மலைகளில் தளர்ந்ததும் இந்த இணக்கத்துக்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அந்த மரபில் மலைக்குள் நுழைந்து உடலை வருத்துவதே சாதனை. மனித உடல் மலையில் இருப்பது அங்கே அத்துமீறலாகப் பார்க்கப்படுவதில்லை.

நியூசிலாந்து மூன்றாவது வகை. வடக்குத் தீவின் டொங்காரிரோ, நௌருஹோ, ருவாபெஹு எரிமலைகள் நாட்டி டூவாரெடோவா என்ற மவோரி மக்களின் முன்னோராகப் போற்றப்படுபவை. 1887-இல் அவர்களுடைய தலைவர் ஹொரொனுகு தே ஹெயுஹெயு, சிகரங்களைப் பிரிட்டிஷ் முடியாட்சியிடம் ஒப்படைத்தார். துண்டு துண்டாக விற்கப்பட்டுப் புனிதம் கெடுவதைத் தடுப்பதே நோக்கம். நாட்டின் முதல் தேசியப் பூங்கா அப்படிப் பிறந்தது. யுனெஸ்கோ 1990-இல் இயற்கைச் சிறப்புக்காகவும் 1993-இல் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் அதை உலக மரபிடமாக்கியது. ருவாபெஹுவின் சரிவுகளில்தான் நாட்டின் பெரிய சறுக்குத் தளங்களான வாகபாபாவும் டூரோவாவும் இருக்கின்றன. அங்கே சறுக்குத் தொழில் தொடர்கிறது. அதே பூங்காவின் நௌருஹோ உச்சியில் ஏற வேண்டாம் என்று மவோரிகள் வேண்டுகிறார்கள். பூங்கா நிர்வாகமும் நடப்போரிடம் அதையே சொல்கிறது. மலை முழுவதும் ஒரே அளவில் விலக்கப்பட்டதல்ல. சரிவுக்கு ஒரு நியதி, தலைக்கு இன்னொன்று. மேற்கே உள்ள டாரனாக்கி மலையை 2025-இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் சட்டப்படி ஒரு நபராகவே அங்கீகரித்தது. அதன் சரிவிலும் மங்கானுயி என்ற சிறிய சறுக்குத் தளம் உண்டு.

இந்த மூன்று வகைகளும் சேர்ந்து காட்டுவது, புனிதம் ஒரே அச்சில் வார்த்த பண்பு அன்று என்பதே. ஓரிடத்தில் மனிதர் நுழைவதே மீறல். இன்னோரிடத்தில் நுழைவதே வழிபாடு. ஓரிடத்தில் கட்டடம் குற்றம், இன்னோரிடத்தில் நீர். எது தீங்கு என்பதை வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. அந்த மலையோடு வாழ்பவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பாதவருக்குக் கடமை உண்டா?

புனிதம் எங்கிருந்து வருகிறது என்பதில் அறிஞர்களிடையே இரு பெரும் கட்சிகள் உண்டு. சமூகம் தன் ஒற்றுமையைத் தனக்கே காட்டிக்கொள்ளச் சிலவற்றை ஒதுக்கிவைக்கிறது, அந்த ஒதுக்கமே புனிதம் என்று 1912-இல் எமில் துர்க்கெம் எழுதினார். புனிதம் மனிதர் உண்டாக்குவதல்ல, அது ஒரு கல்லிலோ மரத்திலோ மலையிலோ தானே வெளிப்படுகிறது என்றார் மிர்ச்சா எலியாட். சுற்றுலா போகும் குடும்பம் இந்த வழக்கைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. எலியாட் சொல்வது உண்மையானால், அந்த மலையில் மனிதரை மீறிய ஏதோ ஒன்று இருக்கிறது; அதைப் பொருட்படுத்தாமல் இருப்பது ஆபத்தான அறியாமை. துர்க்கெம் சொல்வது உண்மையானால், அந்த மலை ஒரு சமூகத்தின் உயிர்நாடி. அதை மிதிப்பது அந்த மக்களை மிதிப்பது. இரு வழியிலும் போய்ச் சேருவது ஒரே இடம்தான். மலையில் ஆவி இருக்கிறது என்று நம்பாதவருக்கும், அதை நம்பும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். முதல் மறுப்பு: இப்படிப் பார்த்தால் யார் எதைச் சொன்னாலும் கட்டுப்பட வேண்டியதாகிவிடும். இது சட்டத்துக்கு எழும் சிக்கல். தனிமனிதத் தேர்வுக்கு அதே அளவில் எழுவதில்லை. அரசு ஒரு கோரிக்கையை ஏற்றால் அது எல்லோர் மீதும் கட்டளையாகிறது. ஒரு குடும்பம் ஏற்றால் அது வேறொரு ஊருக்குப் போகிறது, அவ்வளவே. இழப்பு சிறியதாக இருக்கும்போது மற்றவரின் பெரிய இழப்புக்கு இடம்கொடுப்பது எந்த அறக்கோட்பாட்டிலும் கடினமான கோரிக்கை அன்று. உலகில் சறுக்குத் தளங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஹோப்பிகளுக்குக் கட்சினாக்களின் மலை ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்பு: ஒரு குடும்பம் டிக்கெட் வாங்காவிட்டால் என்ன மாறிவிடும்? தளம் எப்படியும் இயங்கும். ஆங்கிலத் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கில் உள்ள பிழையைக் காட்டினார். தன் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால் அது தவறாகாது என்று ஒவ்வொருவரும் நினைத்தால், எல்லோரும் சேர்ந்து பெரும் தீங்கை உண்டாக்கிவிட்டு யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடும். செயலின் சரி-தவறை அறிய, அது தனியாக என்ன செய்கிறது என்பதோடு, எந்தக் கூட்டுச் செயலின் பகுதி அது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிறு தேர்வுகள் சேர்ந்து முடிவை மாற்றியதற்கு ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை நல்ல சான்று. 1985-இல் அந்த நிலம் அனாங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. ஏறுவது தடை செய்யப்படவில்லை. தங்கள் மரபில் அது முக்கியமான இடம், ஏறாதீர்கள் என்று அனாங்கு மக்கள் அடிவாரத்தில் அறிவிப்பு வைத்துக் கேட்டார்கள். ஏறுவோரின் பங்கு வருகையாளர்களில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனால் ஏறுவதை நிறுத்தலாம் என்று பூங்காவின் 2010 திட்டம் வரையறுத்தது. ஏறாமல் திரும்பியவர்கள் பெருகினார்கள். 2017-இல் நிர்வாகக் குழு முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 அன்று ஏறுவது நிரந்தரமாக நின்றது. அந்தத் தடைக்குச் சட்டம் முத்திரை குத்தியது; அதை உண்டாக்கியவர்கள் வேண்டுகோளை மதித்துக் கீழேயே நின்ற சாதாரணச் சுற்றுலாப் பயணிகள்.

மூன்றாவது மறுப்பு உள்ளேயிருந்தே வருவது: பழங்குடிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை, அவர்களிலும் சறுக்குபவர் உண்டு, தளங்களில் வேலை பார்ப்பவரும் உண்டு. நியூ மெக்சிகோவில் மெஸ்கலேரோ அபாச்சி மக்கள் தங்கள் புனித மலையான சியரா பிளாங்காவின் சரிவில் ஸ்கி அபாச்சி என்ற தளத்தைத் தாங்களே நடத்துகிறார்கள். இது கேள்வியை ஒழித்துவிடுவதில்லை, தெளிவாக்குகிறது. தங்கள் மலையில் எது தகும், எது தகாது என்று அந்த மக்களே முடிவெடுக்கும் இடத்தில் விருந்தினர் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் மறுத்த பிறகும் வேறொருவர் முடிவெடுத்த இடத்தில்தான் தயங்க வேண்டும்.

தேர்வு

ஆகவே தளம் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தின் பட்டியலில் மூன்று கேள்விகள் கூட வேண்டும். இந்த மலை யாருக்காவது புனிதமா? ஆம் என்றால், அந்த மக்கள் வெளியாரிடம் எதை வேண்டுகிறார்கள்? அந்த வேண்டுகோளுக்குத் தளம் எப்படி நடந்துகொண்டிருக்கிறது: இணங்கியா, எதிர்த்தா? விடைகளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பழங்குடி அரசுகள் தங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாகவே சொல்கின்றன. வழக்குகளின் தீர்ப்புகள் பொது ஆவணங்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் தளங்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். கஸ்ஸானில் சறுக்கலாம், கோயிலுக்கும் மரியாதை செலுத்திவிட்டு வரலாம். ருவாபெஹுவின் சரிவில் சறுக்கலாம். நௌருஹோவின் உச்சியை விட்டுவிடலாம். மெஸ்கலேரோ மக்களின் தளத்தில் அவர்களுடைய விருந்தினராகவே இருக்கலாம். பல பழங்குடி அரசுகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி எதிர்த்த பனியில், அவர்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சறுக்குவது வேறு வகை. சட்டம் அதை அனுமதிக்கிறது. அனுமதிக்கப்பட்டதெல்லாம் தகுந்தது ஆகாது.

கட்முக் பள்ளத்தாக்கின் கதை நீதிமன்றத்தோடு முடியவில்லை. தீர்ப்பில் தோற்ற டுனாஹா மக்கள் மத்திய, மாகாண அரசுகளோடும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளோடும் பேசினார்கள். 2020 ஜனவரியில் ரிசார்ட்டுக்கான உரிமைகள் விலை கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டன. பள்ளத்தாக்கைப் பழங்குடிகளின் பொறுப்பிலுள்ள பாதுகாப்புப் பகுதியாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நம்பப்படும் பொருளைக் காப்பது தன் வேலை அன்று என்று நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்த வேலையை மனிதர்கள் தங்கள் விருப்பத்தால் செய்ய எந்தத் தடையும் இல்லை. விடுமுறைக்கு எங்கே போவது என்று ஒரு குடும்பம் எடுக்கும் முடிவும் அந்த வேலையில் சேரும்.